எல்லாருக்கும் ஒரே உயரம்

"உங்க யார்டு ஆளுங்களோட நுரையீரல் ரொம்ப நல்லா இருக்கு" என்று டாக்டரம்மா மைக்கில் சொன்னதும் கூடத்தில் கைதட்டல் கிளம்பியது. தட்டியவர்களில் பாதிப் பேருக்குத் தட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. முன்வரிசைக்காரர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பின்வரிசையில் இரண்டு பேர் இருமலை அடக்கிப் பார்த்து, முடியாமல் எழுந்து வெளியே போனார்கள். டாக்டரம்மா எதையும் கவனிக்கவில்லை. நல்ல செய்தி சொல்கிறவளுக்கு எதிரே இருப்பவன் முகம் எங்கே தெரியும்?

"அதனால ஆக்சிஜன் வசதியோட வர்ற நெஞ்சு ஆஸ்பத்திரி ஆத்தோர எல்லைக் கேட்டு ஊருக்குப் போகுது. மூணு கேட்டுலயும் அங்கதான் நிலைமை ரொம்ப மோசம். நீங்க அதுக்கு வருத்தப்படக் கூடாது. உங்களுக்கு அது தேவைப்படலைன்னு சந்தோஷப்படணும்."

மேடைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் தட்டோடு நின்றிருந்தாள் ஊதுக்கா. தேவைப்படவில்லையாம். அவள் வீட்டில் ஒரு மனுஷன் எட்டு மாசமாகப் படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று சுருட்டிய பாயில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறான். ஆக்சிஜன் கொடுக்கிற ஆஸ்பத்திரி இருப்பது அஞ்சு மணி நேரப் பயணத்தில். அந்தப் பயணத்தை அவன் தாங்கமாட்டான் என்று கம்பவுண்டர் கையை விரித்தாயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் இருபது நிமிஷத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் அதன் மஞ்சள் சுவர் தெரியும். சுவரைப் பார்த்து என்ன செய்ய?

இங்கே வர வேண்டிய ஆஸ்பத்திரியைத் திருப்பி அனுப்பியது யார் என்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும், டாக்டரம்மா ஒருத்தியைத் தவிர. தெரிந்துதான் கைதட்டினார்கள்.

இந்தக் கூத்தைப் புரிந்துகொள்ள யார்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்து லாரி அந்தப் பக்கம் போகக் கூடாது. அந்தப் பக்கத்து லாரி இங்கே வரக் கூடாது. சரக்கு மட்டும் போகலாம். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அவ்வளவுதான். சரக்குக்குக் கால் உண்டா? மனுஷன் முதுகில்தான் போக வேண்டும். லாரிகளை முதுகுக்கு முதுகு நிறுத்தி நடுவில் பலகை போட்டு, இதிலிருந்து அதற்கு மூட்டை மாற்றுவார்கள். பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி. அந்தப் பக்கம் கண்ணாடி செய்கிறவர்களுக்குப் போகிறது. கோணிப்பையின் ஒவ்வொரு தையலிலிருந்தும் பொடி கசியும். வெயில் காலத்தில் எதிர்க்காற்று அடித்தால் பலகையின் மறுமுனை தெரியாது. சாயங்காலம் யார்டிலிருந்து வருகிற இருநூறு பேரும் புருவம், மீசை, இமை எல்லாம் வெளுத்து ஒரே அச்சில் வார்த்த மாதிரி வருவார்கள். பெண்டாட்டிமார் குரலை வைத்துத்தான் புருஷனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊதுக்காவின் புருஷனுக்கு அங்கே ரெட்டை மூட்டை என்று பெயர். ஒரு காலத்தில் இரண்டு மூட்டையைச் சேர்த்துச் சுமந்து பலகையில் ஓடியவன். ஓடிக்கொண்டே பாட்டும் பாடுவானாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டரம்மா வந்தாள். எல்லை ஊர்க்காரர்களுக்கு என்ன நோய், என்ன வைத்தியம் வேண்டும் என்று ஆராய்ச்சி. மூன்று கேட்டு ஊர்களிலும் மூச்சை அளந்து, எங்கே ரொம்ப மோசமோ அங்கே நெஞ்சு ஆஸ்பத்திரி. வீடு வீடாகப் போய் ஆளைக் கூட்டி வரவும், வருகிறவன் அவனேதான் என்று முகம் பார்த்துச் சொல்லவும் ஊர்க்காரி ஒருத்தி வேண்டியிருந்தது. இவளை எடுத்தார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழலை வாயில் கொடுத்து, "ஊது, ஊது, ஊது, விடாதே, இன்னும், இன்னும்!" என்று காதுக்குள் கத்த வேண்டும். அப்படிக் கத்தினால்தான் மனுஷன் அடிமூச்சு வரை வெளியே விடுவானாம். இவள் கத்துகிற கத்து கேட்டு வரை கேட்டது. ஒரே வாரத்தில் ஊதுக்கா ஆகிவிட்டாள்.

கல்லூரிக்காரர்கள் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அட்டையில் நம்பர். அங்கேதான் கெட்டது.

எல்லை ஊர்க்காரனுக்கு ஒன்று தெரியும். நம்பர் போட்ட எந்தக் காகிதமும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கேட்டு ஆபீசில்தான் போய் நிற்கும். பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதி ஒரு நாள் மாறியிருந்ததற்காக ஒருவனுடைய பாஸை ஆறு மாசம் நிறுத்தி வைத்தவர்கள் அவர்கள். யார்டில் மூட்டை தூக்கப் பாஸ் வேண்டும். பாஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதில் 'உடல் தகுதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

"மூச்சு பத்தலைன்னு மெஷின் சொல்லிட்டா என் பாஸ் அவ்ளோதான்" என்றான் ரெட்டை மூட்டை. அப்போது அவனுக்கு மாடிப்படி ஏறினால் மட்டும்தான் மூச்சிரைத்தது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. டாக்டரம்மா அப்படிப்பட்டவங்க இல்லங்க."

"அந்தம்மா சொல்லாது. காகிதம் சொல்லும்."

பக்கத்தில் உட்கார்ந்து டீயில் ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தான் அவளுடைய தம்பி. பலூன் விற்கிறவன். "இதுக்கா இவ்ளோ பேச்சு? நான் ஊதிட்டுப் போறேன் மாமா. நாளைக்கு நூறு பலூன் ஊதுறவனுக்கு இந்தக் குழாய் ஒரு பெரிய விஷயமா?"

"முகம் தெரிஞ்சிடாதாடா?"

"மாமாவோட சட்டையை உதறு அக்கா. முகம் கெடைச்சிடும்."

அப்படித்தான் செய்தார்கள். மாமன் சட்டையிலிருந்து உதிர்ந்த பொடியை முகத்தில் பூசிக்கொண்டு தம்பி போய் நின்றான். மெஷினில் இருந்த மாணவன் "இவருதானா?" என்று கேட்டான். "இவருதான், எனக்குத் தெரியாதா?" என்றாள் ஊதுக்கா. தம்பி ஊதின ஊதலில் மாணவன் எழுந்து நின்று கைகொடுத்தான்.

ஒன்றோடு நின்றிருந்தால் தேவலை. விஷயம் மறுநாளே பலகைக்கு வந்துவிட்டது. "உன் புருஷன் பாஸ் மட்டும்தான் பாஸா?" என்று மூட்டை தூக்குகிறவர்களின் பெண்டாட்டிமார் வாசலில் வந்து நின்றார்கள். யாரை வைத்துக்கொண்டு யாரைத் தள்ளுவாள்? நன்றாக மூச்சு விடுகிறவன் தானே வந்து ஊதினான். முடியாதவனுக்கெல்லாம் தம்பி ஊதினான். மாணவர்கள் பதினைந்து நாளைக்கு ஒரு கூட்டமாக மாறிக்கொண்டே இருந்ததாலும், டாக்டரம்மா மூன்று ஊருக்கும் அலைந்துகொண்டிருந்ததாலும் கண்டுபிடிக்க ஆளில்லை. மொத்தம் ஐம்பத்து மூன்று பேர். எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொருவனுக்கும் அவள்தான் கத்தினாள், அவள்தான் முகம் சொன்னாள்.

ஆஸ்பத்திரி விஷயம் அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். முதல் கூட்டத்திலேயே சொன்னார்கள். ஆனால் ஆஸ்பத்திரி என்பது எப்போதோ வருகிறது. பாஸ் வருகிற மாசம் புதுப்பிக்க வேண்டியது.

அந்தப் பொய்யால் ரெட்டை மூட்டைக்குக் கிடைத்தது என்ன? இன்னும் பதினாறு மாசம் பொடி தின்னக் கிடைத்தது. எட்டு மாசத்துக்கு முன்னால் ஒற்றை மூட்டையோடு பலகை நடுவில் உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். கேட்டு ஆபீசில் ஒரு மெஷினும் வைத்துப் பார்க்கவில்லை. உட்கார்ந்தவன் பாஸை அன்றே கிழித்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது ரெட்டை மூட்டை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். குழைத்த சோற்றில் வெந்நீரும் உப்பும் போட்டுக் கொடுத்தாள். அவனுக்குச் சாப்பிடுவதும் ஒரு வேலை. ஒரு வாய் வாங்கினால் பத்து மூச்சு விட வேண்டும். கிண்ணம் காலியாக முக்கால் மணி ஆகும்.

"என்ன சொன்னாங்க... கூட்டத்துல?"

"நம்ம ஆளுங்களுக்கு நுரையீரல் நல்லா இருக்காம்."

அவன் சிரித்தான். சிரித்தது இருமலாகி, இருமல் கண்ணீராகி, அடங்குவதற்குள் சோறு ஆறிப்போயிற்று. "உன் தம்பிக்கு... ஒரு மெடல் குடுக்கச் சொல்லு."

"விளையாடாதீங்க. ஆஸ்பத்திரி ஆத்தோரத்துக்குப் போயிடுச்சு. நான் நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "வேலை போயிடும்."

"போகட்டும்."

"ஊர்ல ஒருத்தர்... உன்கூடப் பேசமாட்டாங்க."

"பேச வேணாம். நீங்க பேசினா போதும் எனக்கு" என்றவள் பொசுக்கென்று அழுதுவிட்டாள். "எத்தனை பேரை ஊதச் சொல்லி உயிரை வாங்கினேன். உங்களை ஒரு வார்த்தை சொன்னேனா? போய் ஊதித் தொலைங்கன்னு அன்னைக்கே கழுத்தைப் புடிச்சுத் தள்ளியிருக்கணும். பாவி, நானே என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனே!"

அவன் அவள் முதுகில் கையை வைத்தான். அந்தக் கையைத் தூக்கியதற்கே அவனுக்கு இரைத்தது.

மறுநாள் காலை டாக்டரம்மா பள்ளிக்கூட அறையில் மெஷினை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊதுக்கா கதவைச் சாத்திவிட்டு எதிரே நின்றாள். முன்னுரை எல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தம்பி, சட்டைப்பொடி, ஐம்பத்து மூன்று பேர்.

டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். ஊதுவதற்கு முன்னால் ஒவ்வொருவனுக்கும் உயரம் அளந்து எழுதியிருந்தார்கள். அந்தப் பத்தியை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நூற்று அறுபத்தெட்டு. நூற்று அறுபத்தெட்டு. நடுவில் வேறு ஏதோ. மறுபடியும் நூற்று அறுபத்தெட்டு.

"உங்க தம்பி என்ன உயரம் அக்கா?"

"அளந்ததில்ல. அதுதான் இருக்கும்."

"இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே உயரமா இருக்கேன்னு எங்க பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம்." அவள் லேப்டாப்பை மூடினாள். "எவ்ளோ பெரிய முட்டாள் நான். ரெண்டு வருஷம் அக்கா! வீட்டைக்கூடப் பார்க்காம இங்க வந்து கெடந்தேன். உங்க ஒருத்தியை நம்பித்தானே அத்தனையும்? ஏன் அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"கேட்டு ஆபீசுக்குப் போயிடும்னு பயந்தாங்கம்மா."

"கேட்டு ஆபீசுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தமில்லாத காகிதம் என்று ஒன்று இருக்கும் என்பதை அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. "இப்ப மாத்தி எழுதிடலாமாம்மா? எங்க ஊருதான் மோசம்னு?"

"மாத்த முடியாது. இது தெரிஞ்சா உங்க ஊரையே கணக்குல இருந்து எடுத்துடுவாங்க. நல்லா இருக்குன்னும் இல்ல, மோசம்னும் இல்ல. இல்லவே இல்லைன்னு ஆயிடும். மறுபடி முதல்ல இருந்து செய்யக் கமிட்டி ஒத்துக்கணும், பணம் ஒதுக்கணும். ரெண்டு வருஷம் ஆகும்."

"ரெண்டு வருஷமா?" என்றாள் ஊதுக்கா. ரெண்டு மாசம் என்று சொல்லியிருந்தாலே அவள் கணக்குப் பார்த்திருப்பாள்.

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு பெட்டியைப் பிரித்து மெஷினை வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நாளைக்கு மதியம் எனக்கு வண்டி. அதுக்குள்ள அந்த ஐம்பத்து மூணு பேர்ல எத்தனை பேரைக் கூட்டிட்டு வர முடியுமோ கூட்டிட்டு வாங்க. அவங்கவங்களே ஊதட்டும். நான் கமிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதறேன். உண்மையான ஊதலை அதோட இணைச்சாத்தான் மேல ஒரு பேச்சாவது பேச முடியும். உங்க பேரையும் எழுத வேண்டி வரும் அக்கா."

"எழுதிக்குங்கம்மா. பெரிசா எழுதுங்க."

அன்று பகல் முழுக்க அவள் தெருத்தெருவாக நடந்தாள். சூடான காற்று யார்டிலிருந்து பொடியை அள்ளிக்கொண்டு வந்து கண்ணில் வீசியது. முதல் வீட்டுக்காரன் அடுத்த மாசம் பாஸ் புதுப்பிக்க வேண்டும் என்றான். இரண்டாவது வீட்டுக்காரி கதவைத் திறக்காமலே, "உன் புருஷனுக்கு முடிஞ்சு போச்சு, அதுக்காக எங்க அடுப்பையும் அணைக்கப் பாக்குறியா?" என்றாள். இன்னொருவன் இருமி இருமி, இருமலுக்கு நடுவில், தனக்கு ஒரு வியாதியும் இல்லை என்று சத்தியம் செய்தான். யார்டு மேஸ்திரி அவளை வழியில் நிறுத்தி, "நல்ல பேர் வாங்கின ஊரு. கெடுத்துடாதே" என்று மெதுவாகத்தான் சொன்னான். அந்த மெதுவுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

நாலு வீட்டில் ஊத வேண்டிய ஆளே இல்லை. செத்துப்போயிருந்தார்கள். அதில் ஒரு வீட்டுக்காரி மட்டும் இவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "அவர் இருந்திருந்தா வந்திருப்பாரு" என்றாள். அவர் இருந்திருந்தால் வந்திருக்கமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தம்பி கடைத்தெருவில் பலூன் கம்போடு நின்றிருந்தான். அக்கா முகத்தைப் பார்த்ததும் விளையாட்டுப் பேச்சு வரவில்லை. "என்னைப் புடிச்சு உள்ள வெச்சுடுவாங்களாக்கா?"

"உன்னை யாருடா கேக்குறா?"

"என்னதான் பண்றது இப்ப? நான் வேணா வந்து... என் பேர்லயே ஊதட்டுமா?"

அவள் அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வந்தது ஒரே ஒருவன். பாஸ் போனவன், இழக்க ஒன்றுமில்லாதவன், அவள் புருஷன். ஆட்டோவிலிருந்து பள்ளிக்கூட வாசல் இருபது அடி. அதற்கு மூன்று இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கூட்டி வந்தாள். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டை அவன் மேல் நிற்காமல் தோளில் வழிந்தது. டாக்டரம்மா எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலில் ஒரு மெஷினை மாட்டிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இவரை இப்பவே என் வண்டியில கூட்டிட்டுப் போறேன். அஞ்சு மணி நேரம் தாங்குவாரான்னு சத்தியமா எனக்குத் தெரியலை. ஆனா இங்க விட்டுட்டுப் போக மாட்டேன். ஊதுறதெல்லாம் வேணாம்."

"ஊதுறேன்" என்றான் ரெட்டை மூட்டை. "அதுக்குத்தான்... வந்தேன்."

உயரம் அளந்தார்கள். நூற்று எழுபத்தொன்பது. ஊதுக்கா மூக்கில் கிளிப்பை மாட்டிவிட்டாள். அட்டைக் குழலை வாயில் வைத்தாள். இருநூறு பேரை ஊதவைத்தவளுக்கு மெஷினின் சங்கதி முழுக்க அத்துப்படி. ஊத ஆரம்பித்த முதல் விநாடியில் இருமக் கூடாது. ஆறு விநாடி விடாமல் ஊத வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் சிவப்பு விளக்கு எரியும்; அந்த ஊதல் கணக்கில் சேராது.

"இழுங்க... நல்லா இழுங்க... ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க!"

முதல் தடவை இருமினான். சிவப்பு. இரண்டாவது தடவை இருமல் வரவில்லை. மூச்சே வரவில்லை. ஒரு விநாடியில் தீர்ந்துவிட்டது. சிவப்பு. தண்ணீர் குடித்தான். உதடு நீலமாகியிருந்தது. போதும் என்று டாக்டரம்மா கையைப் பிடித்தாள். அவன் அந்தக் கையை விலக்கிவிட்டுக் குழலைத் தானே எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, பெண்டாட்டியைப் பார்த்தான். கத்து என்று கண்ணால் சொன்னான்.

"ஊதுங்க! விடாதீங்க! இன்னும், இன்னும், என் ராசா, இன்னும் கொஞ்சம்!"

கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. தோள் இரண்டும் காதுவரை ஏறின. ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். குழல் வாயிலிருந்து விழுந்தது. அவன் மேஜை மேல் கவிழ்ந்தான். அவளும் டாக்டரம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி நிமிர்த்தினார்கள். மெஷினில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தாள், பிறகு லெட்டருக்காக எடுத்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தாள். இணைக்க ஒன்றுமில்லை. ஐம்பத்து மூன்று பேருக்கும் வேறொருவன் மூச்சு பதிவாகிவிட்டது. இவனுடைய மூச்சு பதிவாகிற அளவுக்கு இல்லை.

வெகுநேரம் கழித்து அவன் கண்ணைத் திறந்தான். மெஷினின் முகப்பு அவன் பக்கம் இல்லை.

"பதிஞ்சுதா?"

ஊதுக்கா மெஷினைப் பார்க்கவில்லை. "பதிஞ்சுடுச்சுங்க. அருமையா ஊதினீங்க."

டாக்டரம்மா சிவப்பு விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"அப்ப... ஆஸ்பத்திரி இங்க வந்துடும்ல?"

"வந்துடும்."

அவன் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது, பலகையில் ஓடின காலத்துச் சிரிப்பு. வண்டியில் ஏற்றுவதற்காக அவள் அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டபோது காதுக்குள் சொன்னான்.

"உன் தம்பிகிட்ட சொல்லு... இந்தத் தடவை... நானே ஊதினேன்னு."

"சொல்றேங்க" என்றாள்.